தளர்ந்த பெல்ட்

பாலக்காட்டுச் சமவெளியில் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கி மலைமீது தேவிகுளத்திலும் மூணாற்றிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களின் அடுக்களைக்குள் நுழைந்தால், பல வீடுகளில் ஒரு மூலையிலே கோவைக் கிரைண்டர் ஒன்று வீற்றிருக்கக் காணலாம். 1955-ஆம் ஆண்டில் கோவையில் பி. சபாபதி என்பார் ஆக்கியதாகச் சொல்லப்படும் இவ்வியந்திரம், ஆட்டுக்கல்லின் முறையைத் தலைகீழாக மாற்றியது. பாட்டிமார் காலத்தில் கல் நின்றது, குழவி சுழன்றது. இதிலோ குழவி நிற்கிறது, கல் சுழல்கிறது.

அடுத்த ஆண்டில், 1956 நவம்பர் 1-ஆம் நாளன்று, மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடு கேரளத்திற் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. மாவு அரைக்கும் பழக்கத்துக்கு எல்லைக்கோடு ஏது? ஆனால் இயந்திரம் பழுதுபட்டால் எல்லை உறைக்கத்தான் செய்கிறது. 2011-இல் தொடங்கித் தமிழ்நாட்டரசு விலையில்லாக் கிரைண்டர்களை வழங்கியபோது, வாளையாற்றுக்கு அப்பாலுள்ள உறவினர் பெற்றனர். இப்பாலுள்ளோர் தம் பழைய இயந்திரத்தையே பேணவேண்டியவராயினர்.

மலையிலே, தேயிலைத் தோட்ட லயமொன்றில், மாவு விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். மூன்று நாளாக வியாபாரம் இல்லை. மோட்டார் எரிந்துவிட்டது, புதிது வாங்குவதே நலம் என்று ஒருவர் கூறிச் சென்றிருந்தார். அன்றேல், ஆள் ஒருவரால் தூக்கவியலாத அக்கல்லை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறக்கவேண்டும். "மோட்டார் சத்தம் கேக்குதுங்க ஐயா, கல்லுதான் சுத்தல" என்றார் அவர். நோயின் பெயரை அவரே சொல்லிவிட்டார், கேட்டவர்தாம் கவனிக்கவில்லை.

மோட்டார் ஓடியும் கல் நின்றால், பழுது இரண்டுக்கும் இடையே உள்ளது. மோட்டாரே ஓடாமல் முனகி நின்றால் காரணம் வேறு. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே இவ்வகை மோட்டாரின் திருப்புவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்; அல்லது கெபாசிட்டர் செயலிழந்திருக்கலாம். கெபாசிட்டர், மின்சாரம் நின்ற பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடியது. அதன் முனைகளை வீட்டார் தொடலாகாது. அது மின்பணியாளரின் வேலை.

முதலிற் பிளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. குழவியை வெளியே எடுத்த பிறகே அடிப்பலகையைத் திறத்தல் நன்று. உள்ளே மோட்டாரில் ஒரு சிறு புல்லி, கல்லின் அச்சில் ஒரு பெரும்புல்லி, இரண்டையும் தழுவி ஒரு ரப்பர் பெல்ட். சிறியது பலமுறை சுற்றப் பெரியது ஒருமுறை சுற்றும். வேகம் குறைந்து வலிமை பெருகுவது இதனாலே.

இந்தப் பெல்ட் அடிப்பாகத்தாற் பற்றுவதில்லை, பக்கங்களாற் பற்றுகிறது. தேய்ந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் படிந்துவிடும்; பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும். கீழே கரும்பொடி உதிர்ந்திருப்பதும், தொடங்கும்போது கிறீச்சிடுவதும் அதன் அடையாளங்கள். அந்த ஒலியை அடக்கத் தேங்காயெண்ணெய் விடுகின்றவர்களும் உண்டு. ஒலி அடங்கும்; வழுக்கல் கூடும், ரப்பரும் ஊறிக் கெடும்.

பெல்ட் நல்லதாயிருந்து தளர்ந்து மட்டும் இருப்பின், மோட்டாரைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளைச் சற்றே நெகிழ்த்தவும். துளைகள் நீளமாக இருப்பதன் நோக்கம், மோட்டாரைப் பின்னுக்கு நகர்த்த இடந்தருவதே. மலையின் ஈரத்தில் போல்ட்டுகள் துருவேறியிருக்கும்; பெல்ட்டின்மேற் சிந்தாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். மோட்டாரை நகர்த்தியபின், பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் கால் அங்குலம் போலத் தாழவேண்டும். வீணைத் தந்தியைப் போல் முறுக்கிவிடாதீர்கள். தளர்ந்த பெல்ட் வேலையைக் கெடுக்கும், மிக இறுகிய பெல்ட்டோ பேரிங்கையே கெடுக்கும். இரு புல்லிகளின் முகத்திலும் நேரான குச்சி ஒன்றை வைத்து, ஒரே கோட்டில் அவை நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குக.

அந்த அம்மையாரின் பெல்ட்டை இவ்வாறு சரிசெய்தும் கல் சுழலவில்லை! சற்று நாணமாகவே இருந்தது. பிறகு மோட்டார் அச்சின் முனையிலும் புல்லியின் மீதுமாகச் சுண்ணாம்புக் கோடொன்று இட்டு, ஒரு நொடி ஓட்டி நிறுத்திப் பிளக்கை மீண்டும் உருவிப் பார்த்தேன். கோடு முறிந்திருந்தது, அச்சு சுழன்றது, புல்லி உடன் சுழலவில்லை. புல்லியின் கழுத்தில் புதைந்திருக்கும் தலையில்லாத சிறு திருகு தளர்ந்திருந்தது. அச்சில் தட்டையாகச் சீவிய இடத்துக்கு நேரே அத்திருகைக் கொணர்ந்து, அலன் சாவியால் இறுக்கினேன். ஊறிய அரிசியும் நீரும் இட்டதும் கல் சுழன்றது.

ஆயினும் அந்தப் பெல்ட் நெடுநாள் உழைத்தது. ஓரங்களில் வெடிப்புக் கண்டிருந்தது. முதுகில் ஏ 38 என்று அச்சிட்டிருந்தார்கள். ஏ என்பது அகல வகை, 38 என்பது அங்குலக் கணக்கில் நீளம். இவ்விரண்டும் பொருந்தினால் எந்தக் கடையில் வாங்கினும் ஒன்றே. புதுப் பெல்ட் முதல் சில நாட்களில் சற்று நீளும். ஆதலால் வாரம் கழித்து ஒருமுறை மீண்டும் அழுத்திப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் கேட்டுக்கொண்ட அம்மையார், அவ்வெண்ணைக் கதவின் உட்புறத்தில் சுண்ணாம்பால் எழுதிவைக்கச் சொன்னார். ஊருக்குப் போகிறவர் எவரேனும் வாங்கி வரட்டுமாம்.