பட்டம் பெற்ற பிறகு பயணமா, பணியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஜூலை மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாக்கள் களைகட்டும். கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தில் அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிய அம்மாவுடனும் புதுச்சட்டை போட்ட அப்பாவுடனும் பிள்ளைகள் நடந்து போவதைப் பார்க்கலாம். மருத்துவமும் சட்டமும் படித்தவர்களின் வீட்டில் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை தயாராக இருக்கும். கட்டடக்கலை முடித்த பிள்ளையின் வீட்டில்தான் அந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையில் வாக்குவாதமாக மாறுகிறது. “மூன்று மாதம் வெளியூர் போய் நாலு கட்டடம் பார்த்துவிட்டு வந்து வேலையில் சேர்கிறேன் அப்பா” என்கிறது பிள்ளை. “இத்தனை வருஷம் படித்தது ஊர் சுற்றவா?” என்று தகப்பனார் கேட்கிறார். அம்மா இருவர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறார்.

தகப்பனார் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டடக்கலை நீண்ட படிப்பு. இளங்கலை நான்கு ஆண்டு. பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் ஆக வேண்டுமானால் முதுகலை இன்னும் ஓராண்டு. ஆண்பிள்ளையாக இருந்தால் இதற்கு முன்பே தேசிய சேவையில் இரண்டு ஆண்டு கழிந்திருக்கும். எல்லாம் முடியும்போது வயது 25, 26 ஆகிவிடுகிறது. அதன் பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு தொழில் அனுபவம் பெற்று, தேர்வு எழுதித் தேறினால்தான் பெயருக்குப் பின்னால் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள முடியும். கூடப் படித்த நண்பர்கள் மத்திய சேமநிதியில் பணம் சேர்த்து, பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தம் பிள்ளை முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறதே என்று எந்தப் பெற்றோருக்கும் மனம் கனக்கத்தான் செய்யும்.

இந்தப் பிள்ளைகளின் அன்றாடம் எப்படிப்பட்டது என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. காலையில் கிளமெண்டியிலிருந்து 96ஆம் எண் பேருந்தில் ஏறினால் திரும்பி வரும் நேரம் நிச்சயமில்லை. ஒப்படைப்பு வாரத்தில் ஸ்டுடியோவிலேயே இரவு தூக்கம், காலையில் உணவங்காடி நிலையத்தில் ஒரு கோப்பி, மறுபடியும் ஸ்டுடியோ. அட்டையும் நுரைப்பலகையும் வெட்டி வெட்டி விரலில் தழும்பு. வாரக்கணக்கில் செய்த மாதிரியை ஆசிரியர் பத்தே நிமிடம் பார்த்துவிட்டு, “இந்த வாசல் ஏன் இங்கே இருக்கிறது?” என்று ஒரே கேள்வி கேட்பார். பதில் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டிலோ கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் பழைய மாதிரிகள். தூசு தட்டத் தாய்க்குப் பயம். தூக்கிப் போட அதைவிடப் பயம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை அமைந்துள்ள வளாகத்தில் 2019 ஜனவரியில் ஒரு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ‘எஸ்டிஇ 4’ என்று அதற்குப் பெயர். ஓராண்டில் செலவழிக்கும் மின்சாரத்தைத் தன் கூரையிலுள்ள சூரியத் தகடுகளாலேயே ஈடுசெய்துகொள்ளும் வகையில் திட்டமிடப்பட்ட கட்டடம் அது. அறைகளில் கடுங்குளிர் இருக்காது. வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகக் குளிர்வித்த காற்றை உள்ளே விட்டு, அதை மின்விசிறியால் சுழல விடுகிறார்கள். வியர்க்காது, நடுங்கவும் வேண்டாம். பெரிய கூரை நிழல் தருகிறது. நடைவழிகள் திறந்தே கிடக்கின்றன. வெப்பத்தையும் மழையையும் எப்படிச் சமாளிப்பது என்பதே இந்த ஊர்க் கட்டடக்கலையின் முதல் பாடம் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகள் தினமும் உட்கார்ந்தே கற்கிறார்கள்.

அப்படியானால் பயணம் எதற்கு?

ஜப்பானியர் தடாவோ ஆண்டோ பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர் அல்லர். குத்துச்சண்டைக்காரராக இருந்தவர். 1965ல், 24 வயதுக்குள்ளாகவே, ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்த ஒரு நூலின் வழியாக அவர் மனத்தில் குருவாக வரித்துக்கொண்டிருந்த லெ கொர்புசியேயைப் பாரிசில் சந்தித்துவிட வேண்டும் என்பது ஆசை. அந்த ஆகஸ்ட் மாதத்தில் லெ கொர்புசியே காலமாகிவிட்டார். மனிதரைப் பார்க்க முடியவில்லை. அவர் கட்டியவற்றைப் பார்த்தார். பின்னாளில் 1995ல் உலகின் உயரிய கட்டடக்கலை விருதான பிரிட்ஸ்கர் விருது ஆண்டோவைத் தேடி வந்தது.

இலங்கையின் ஜெஃப்ரி பாவாவின் கதை பெற்றோருக்கு இன்னும் ஆறுதலாக இருக்கலாம், அல்லது இன்னும் கவலையாக இருக்கலாம். 1919ல் பிறந்த அவர் முதலில் வழக்கறிஞர். தொழில் பிடிக்கவில்லை. உலகம் சுற்றினார், இத்தாலியில் ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார். திரும்பி வந்து 1948ல் பெந்தோட்டைக்கு அருகில் லுனுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதை மாற்றியமைக்கத் தொடங்கியபோதுதான் தமக்கு வேண்டியது எது என்று தெரிந்துகொண்டார். லண்டன் சென்று படித்துக் கட்டடக்கலைஞராகத் தேர்ச்சி பெற்றபோது வயது 38. அதற்குப் பிறகு அவர் கட்டியவைதாம் தென்கிழக்காசியாவின் உல்லாச விடுதிகளுக்கெல்லாம் முன்மாதிரி ஆயின. அவருடைய அலுவலகத்தில் பல்லாண்டு பங்காளியாக இருந்து, வரைபடத்தை நிற்கும் கட்டடமாக்கிய பொறியாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர் என்பதை நம்மவர்கள் பலர் அறிந்திருப்பதில்லை.

ஆனால் எங்கே போவது என்பதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பட்டியலைக் கேட்டால் தோக்கியோ, பார்சலோனா, கோப்பன்ஹேகன் என்று வரும். நல்ல ஊர்கள்தாம். ஆனால் குளிர்காலத்தில் பனி விழும் ஊரில் சூரியனை வீட்டுக்குள் வரவழைக்கப் பாடுபடுவார்கள். கிளமெண்டியில் சூரியனை வெளியே நிறுத்தப் பாடுபட வேண்டும். முதல் பயணத்துக்கு, நான்கு மணி நேர விமானத் தொலைவில் இருக்கும் இடங்களே அதிகம் கற்றுத்தரும்.

கொழும்பில் தொடங்கலாம். பாவாவின் வீடு அங்கே ஒரு சந்துக்குள் இருக்கிறது. அடுத்தடுத்து இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது. உள்ளே நடந்தால் எது அறை, எது முற்றம் என்று புரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேலேயிருந்து கொஞ்சம் வெளிச்சம் இறங்கும். நெருக்கமான நகரத்துக்குள் காற்றோட்டமாக வாழ முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அங்கிருந்து புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதி 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். உடனிருந்து கட்டியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் மரவேலைக் கலைஞராக உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகஷிமா. சுவருக்குப் பதில் முழு நீளத்துக்கும் கையால் திறந்து மூடும் காங்கிரீட் பட்டைகள். கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். குளிர்சாதனம் இல்லாமலே இயங்கும்படி அமைத்தது. எஸ்டிஇ 4 கட்டடத்தில் படித்த பிள்ளைக்கு, தன் ஆசிரியர்கள் சொன்ன கருத்தின் பாட்டனாரைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒன்று, அது ஆசிரமவாசிகள் தங்கும் இடம். முன் அனுமதி பெறாமல் போய் வாசலில் நிற்கக் கூடாது.

பிறகு செட்டிநாடு. இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழர் நிதானமாகத் தங்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து காரைக்குடிக்குச் சாலை வழியே இரண்டு மணி நேரம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று ஊர் ஊராக, ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லைப்புறம் முடியும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போகப் போக முற்றம் முற்றமாக வெளிச்சம் விழும். பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்து ஊற்றிக் கையால் செய்யும் தரைக்கல். மழைநீர் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் முற்றத்தில் இறங்கும்; அதைச் சேமித்து வைப்பார்கள்.

இந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் சம்பாதித்தது. நகரத்தார் அங்கே கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டி வைத்து, தரையில் அமர்ந்து வட்டித் தொழில் நடத்தினார்கள். பகலில் அலுவலகம், இரவில் அதே இடம் படுக்கை. ஊரிலோ அரண்மனை போன்ற வீடு. கிட்டங்கிகள் மறைந்துவிட்டன. அதே தெருவில் 2021ல் 51 மாடியுடன் கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம் எழுந்து நிற்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலும் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல நாட்டில், பராமரிக்க ஆளில்லை. தூணும் கதவும் கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. ஒரு தேக்குத் தூணைக் கடையில் பார்ப்பதற்கும், அது தாங்கிய கூரைக்குக் கீழே நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பாடநூலும் சொல்லித்தர முடியாது.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டடங்கள் விஷயத்தில் இருக்க முடியாது. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் 1972ல் வடிவமைத்து முடித்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017 ஏப்ரலில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் லூயி கான் கட்டிய விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் செய்தி வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. இங்கேயும் பேர்ல் பேங்க் அடுக்குமாடி 2020ல் இடிக்கப்பட்டுவிட்டது. 40 வயதில், கையில் காசு வந்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர், இல்லாத கட்டடத்தின் புகைப்படத்தைத்தான் பார்ப்பார்.

பயணத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பயணச்சீட்டு வேண்டாம். கிளமெண்டியில் தான் வளர்ந்த வீவக புளோக்கை ஒரு முறை அளந்து வரைய வேண்டும். 1970களின் பிற்பகுதியில் உருவான பேட்டை இது. அன்றைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் படியிறங்க வேண்டும். கட்டியபோது குடியேறியவர்கள் இளம் தம்பதியர், அவர்களுக்கு அது பொருட்டில்லை. அவர்களுக்கு வயதானபோதுதான் அந்த அரை மாடியும் ஒரு மாடியும் மலையாயின. அரிசிப் பையோடு பாட்டி படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர். 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தில்தான் பழைய புளோக்குகளின் வெளிப்புறத்தில் புதிய தூண்போல மின்தூக்கிகள் ஒட்டப்பட்டன. அந்த ஒட்டை உற்றுப் பார்த்தால், வடிவமைத்தவர் 30 ஆண்டுக்கு முன்னால் எதை எண்ணவில்லை என்பது தெரியும். இன்றைய பட்டதாரிகள் பலருக்கு வானுயரக் கோபுரத்தில் இருக்கும் ஆர்வம் மின்தூக்கி வாசலில் இல்லை என்பது வருத்தம்தான். ஆனால் வயதானவர்களுக்கான வீடும் மருத்துவ நிலையமும் உணவங்காடியும் ஒரே இடத்தில் அமைந்த கம்போங் அட்மிரல்டிக்கு 2018ல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது கிடைத்த பிறகு இந்தக் கண்ணோட்டம் மெல்ல மாறி வருகிறது.

அடுத்த சனிக்கிழமை லிட்டில் இந்தியா. கிளமெண்டியிலிருந்து ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறினால் போதும். தேக்காவில் காய்கறி வாங்கப் பழகிய அதே தெருக்களில் இந்த முறை அளவுநாடாவோடு நடக்க வேண்டும். கடைவீடுகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை 1822ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது. மழை பெய்தால் குடையில்லாமலே கடை கடையாகப் போகலாம். கேம்பல் லேனில் 2015ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பு, வடஇந்தியப் படிக்கிணற்றை மனத்தில் கொண்டு அமைத்தது. தென்னிந்தியத் தெப்பக்குளம் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்கலாம்; கேட்க வேண்டும்.

இனிச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினால், தகப்பனாரும் பிள்ளையும் இணங்கிப்போக இடம் இருக்கிறது. மூன்று மாதம் வேண்டாம், ஆறு வாரம் போதும். நேர்முகத் தேர்வைப் பயணத்துக்கு முன்பே முடித்து, வேலையில் சேரும் நாளைச் சற்றுத் தள்ளித் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. இந்தியாவுக்கு மின்விசா எடுக்க வேண்டும். கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுப்பதைவிட, ஒரு நாளைக்கு ஒரு கட்டடத்தை உட்கார்ந்து வரைவது என்று வைத்துக்கொள்ளலாம். படி எத்தனை அங்குலம், திண்ணை எவ்வளவு உயரம், சாரல் எதுவரை வருகிறது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். தகப்பனாருக்கும் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் செட்டிநாட்டுக்கு அவரையும் கூட்டிப் போகலாம். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டுமே. முற்றத்தில் மழை இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பர்தான் ஏற்ற சமயம். குளிர்காலச் சுற்றுலாக் கூட்டம் அப்போது இருக்காது.