சுற்றுப்புறம் சொல்லும் விடை



12ஆம் வகுப்பு வேதியியலில் ‘உயிரியல் மூலக்கூறுகள்’ பாடத்தைப் பல ஆண்டுகள் ஒரே விதமாகத்தான் நடத்திவந்தேன். 20 அமினோ அமிலங்களின் பெயர்களை எழுதிப் போடுவேன். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு, கரும்பலகையில் வேலின், திரியோனின் ஆகிய இரண்டின் பக்கச் சங்கிலிகளை மட்டும் வரைந்தேன். இரண்டும் கவட்டை போலப் பிரிபவை. வேலினின் இரு கிளைகளிலும் மெத்தில் தொகுதி. திரியோனினில் ஒரு கிளை மெத்தில், மற்றொன்று ஹைட்ராக்சில். எக்ஸ் கதிர் ஆய்வில் கார்பனையும் ஆக்சிஜனையும் பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். “அப்படியானால் எது வேலின், எது திரியோனின் என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்டேன்.

வகுப்பே அமைதி. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பையன். வகுப்பில் அடிக்கடி தூங்கிவிடுவான். மந்தமானவன் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

“சார், பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்கணும். பாறையில வலை போட்டா சிங்கி இறால், சேத்துல போட்டா வெள்ளை இறால். எங்கப்பா இடத்த வச்சே சொல்லிடுவார்.”

அதுதான் விடை! சுற்றிலும் நீர்வெறுக்கும் தொகுதிகளே இருந்தால் அது வேலினாக இருக்கலாம். ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏற்ற தொலைவில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ இருந்தால் திரியோனினாக இருக்கலாம். இன்று மரபணுவிலிருந்தே பெரும்பாலும் வரிசை தெரிந்துவிடுகிறது. தெரியாத இடத்தில் சூழல்தான் சாட்சி.

இதற்கு நம் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை முன்வைத்தனர். கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஏன்? மூன்று சங்கிலிகளும் நெருங்கிப் பின்னும்போது, ஒவ்வொரு மூன்றாவது இடமும் நடு அச்சை நோக்கி வரும். அங்கே பெரிய பக்கச் சங்கிலிக்கு இடமில்லை. ஒற்றை ஹைட்ரஜனையே பக்கச் சங்கிலியாகக் கொண்ட கிளைசின் மட்டுமே பொருந்தும். மீனின் தோலிலும் செதிலிலும் உள்ளதும் கொலாஜன்தான் என்றதும் அந்த மாணவனின் முகம் மலர்ந்தது.

பிறகுதான் அவனிடம் விசாரித்தேன். விடியுமுன் அப்பாவுடன் கரைவலை இழுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான். அவன் தூங்கியதைப் பார்த்த நான், அவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்க்கவில்லை.

இப்போது பெயர்ப் பட்டியலை நான் முதலில் கொடுப்பதில்லை. புரதத்தின் ஓர் இடத்தை விவரித்து, “இங்கே யார் இருப்பார்?” என்று கேட்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.