பன்னீர்த் திராட்சையின் பெற்றோர்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெங்களூரில் வந்து குடியேறியவர், இங்கே ‘குலாபி’ என்ற பெயரில் விற்கும் பழத்தை வாயிலிட்டதும் சற்றுத் திகைப்பார். அது அவர் ஊர்ப் பன்னீர்த் திராட்சையேதான். மேனாட்டார் அதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருப்பது வியப்பன்று. நடுவதற்குக் குச்சி வாங்கும் குடியானவருக்கோ பெயர் பெரிய காரியம். நட்டது வேறு ரகம் என்பது காய்த்தபின்தான் தெரியுமானால், பந்தலுக்கு இட்ட பணமும் அதுவரை பட்ட பாடும் வீணாகும்.

இலையையும் கொத்தையும் நோக்கி ரகம் பிரிப்பது பழைய முறை. ஆனால் இலையின் தோற்றம் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப வேறுபடும். உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ. அவ்வாறு மாறுவதில்லை. அதில் சில இடங்களில், நம் இலக்கணத்தில் வரும் அடுக்குத்தொடர் போல, இரண்டோ மூன்றோ எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எத்தனை முறை அடுக்குகின்றன என்பது ரகத்துக்கு ரகம் வேறு. ஓரிடத்துக்கு இரண்டு எண்ணிக்கைகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இவற்றை ஒப்பிட்டே பன்னீர்த் திராட்சையின் பெற்றோர் ஸ்கியாவா கிரோசாவும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் என்று 2003-இல் இத்தாலியில் கண்டனர்.

ஓர் இனத்தில் கண்ட அடையாளம் வேறினத்துக்கும் உதவுமா? அடுக்கின் இருபுறமும் உள்ள பகுதி இனம் மாறினும் பெரும்பாலும் மாறாதிருப்பதால், உதவும். ஆஸ்திரேலியாவில் தாமஸ், ஸ்காட் என்னும் இருவர் 1993-இல் இதனைக் காட்டினர். நம் பக்கத்துக்கு இது மிகவும் வேண்டியது. பெங்களூர் ப்ளூவில் ஓடுவது அமெரிக்கத் திராட்சையின் உதிரம். அதனைப் பிளாக் சம்பாவோடு கலந்தே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அர்க்கா ஷியாமை உண்டாக்கினர். ஒட்டுக் கட்டுவதற்கு வேர்ச்செடியாகும் டாக்ரிட்ஜும் அமெரிக்க இனமே. ஒட்டிய பின் அது தன் கனியைக் காட்டுவதே இல்லை. சுவைத்து அறிய வழி ஏது?

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. தாம்சன் சீட்லெஸ் கொடியில் தானே தோன்றிய மாற்றத்தால் பிறந்த தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா ஆகியவற்றைத் தாயினின்று பிரித்தறிய இவ்வெண்ணிக்கை பெரும்பாலும் போதாது. அங்கே கனியின் வடிவத்தையே இன்னும் பார்க்கவேண்டியிருக்கிறது.