எழுதப்பட்டவர்கள் எழுதும்போது



நினைவுப் பொழிவுக்கு ஆஸ்திரேலியக் கவிஞர் ஒருவரை எடுத்துக்கொண்டது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிக் குவித்த பக்கங்களை என்ன செய்வது என்ற கேள்வி நம்மிடம் இருக்கிறது. அதே கேள்வியோடு பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டி வருபவர் ஓயாங் யூ.

1955இல் சீனாவின் ஹூபே மாகாணத்து ஹுவாங்சோவில் பிறந்தவர். 1991இல் மெல்பர்ன் வந்து, லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். ஆஸ்திரேலியப் புனைகதைகளில் சீனர்கள் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்பதே ஆய்வு. காலம் 1888 முதல் 1988 வரை. அதாவது வெள்ளையர் குடியேற்றத்தின் நூறாம் ஆண்டுக்கும் இருநூறாம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம்.

அந்த நூறாண்டு எப்படிப்பட்டது? 1888இல் 'ஆஃப்கன்' கப்பலில் வந்த சீனர்களை மெல்பர்னிலும் சிட்னியிலும் இறங்கவிடாமல் தடுத்தார்கள். அதே ஆண்டில், சீனருக்கு எதிரான இனப்போரைக் கற்பனை செய்து தொடர்கதை எழுதினார் வில்லியம் லேன். அவர் தொழிலாளர் இயக்கத்தின் முன்னணித் தலைவர் என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆஸ்திரேலிய இலக்கியத்தை வளர்த்த 'புல்லட்டின்' வார இதழ், நாடு வெள்ளையருக்கே என்ற முழக்கத்தை 1908 முதல் 1960 வரை முகப்பில் தாங்கி வந்தது. அந்த நிலமோ பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது.

1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நிறத்தைச் சொல்லி அது யாரையும் தடுக்கவில்லை. அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார். வந்தவர் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் அறிந்தவருக்கு வேறு மொழியைக் கொடுத்துத் தோற்கடிக்கலாம். 1958 வரை இந்தத் தேர்வு இருந்தது. இந்தியர்கள் மீதும் இதே சட்டம்தான் பாய்ந்தது. மொழியே வேலியாக நின்றது.

அந்த வேலியைக் கட்டிய நாட்டின் மொழியில்தான் ஓயாங் யூ கவிதை எழுதினார். 1995இல் 'மெல்பர்ன் மீது நிலவு', 1997இல் 'கடைசிச் சீனக் கவிஞனின் பாடல்கள்' வெளிவந்தன. விமர்சகர்கள் அவருக்குக் 'கோபக்காரச் சீனக் கவிஞர்' என்று பட்டம் சூட்டினார்கள். இந்தப் பட்டம் நமக்குப் புதிதல்ல. ஒருவரின் கோபத்தை அவரது சுபாவமாக்கிவிட்டால், கோபத்தின் காரணத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் கோபத்தை விடவில்லை. 2021இல் குயின்ஸ்லாந்தின் ஜூடித் ரைட் கலாந்தே கவிதை விருது அவரது தொகுப்பு ஒன்றுக்குக் கிடைத்தது.

மொழிபெயர்ப்பாளராகவும் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஜெர்மெய்ன் கிரீரின் பெண்ணிய நூலான 'பெண் அண்ணகர்', ராபர்ட் ஹியூஸ் எழுதிய கைதிகள் நாடுகடத்தல் வரலாறான 'கொடுங்கரை' ஆகியவற்றைச் சீன மொழிக்குக் கொண்டுபோனார். கதவைச் சாத்திய சமூகத்தின் முன்னோர் பலர் கைதிக் கப்பலில் விலங்கோடு வந்தவர்கள் என்பதைச் சீன வாசகர் தம் மொழியில் படிக்க முடிந்தது. எதிர்த்திசையில், ஆங்கில வாசகருக்குச் சமகாலச் சீனக் கவிதைகளைத் தொகுத்து 2002இல் தந்தார். 1990களின் நடுவில் 'அதர்லாண்ட்' என்ற இதழையும் தொடங்கினார். தன் சீனக் கவிதைகளைத் தானே ஆங்கிலமாக்கி 2012இல் வெளியிட்டார். எதைப் பெயர்ப்பது, யாருக்காகப் பெயர்ப்பது என்ற முடிவைப் பிறர் கையில் விடவில்லை.

நாம் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். தலித் எழுத்து பிற மொழிகளுக்குப் போகிறது, மகிழ்ச்சி. ஆனால் எந்த நூல் போகவேண்டும் என்று தேர்பவர் யார்? வலியைச் சொல்லும் பக்கம் போய், வாதிடும் பக்கம் இங்கேயே தங்கிவிடுகிறதா?

ஆகவே மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். நம்மைப் பாத்திரமாக்கிய பழைய கதைகளை ஆண்டு வரிசையில் தேடி எடுத்து, ஓயாங் யூ செய்ததுபோல் வரிவரியாக ஆராயுங்கள். இன்னொரு மொழியை, நம் நூல்களை நாமே தேர்ந்து பெயர்க்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். ஜெய் பீம்.