நஞ்சுக்கொடியின் காவல்

(ஆண்டு விழாவின்போது மாதர் பிரிவுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கருவுற்றவளுக்குக் காய்ச்சல் கண்டால் வயிற்றிலுள்ள குழவிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லுமாறு மாதர் பிரிவினர் பணித்தனர். பிள்ளை பிறந்தபின் வெளிப்படும் உறுப்பை நம் ஊர்ப்புறங்களில் ‘நஞ்சு’ என்றே வழங்குகின்றோம். பெயர் அவ்வாறாயினும், பத்து மாதமும் அது புரிவது காவற்பணியேயாகும்.

தாயின் குருதி நஞ்சுக்கொடியின் விழுதுகளைத் தழுவி ஓடுகின்றது. குழவியின் குருதியோ அவ்விழுதுகளுக்குள் தனியே ஓடுகின்றது. விழுதுகளைப் போர்த்துள்ள உறை விந்தையானது. எண்ணற்ற உயிரணுக்கள் தம்முட் கலந்து ஒரே படலமாகிவிட்டன. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே மூட்டுவாய் இருந்தாலன்றோ கிருமி நுழையும்? அதனையும் கடந்து வருவனவற்றை விழுங்க, ஹாஃப்பாயர் அணுக்கள் என்னும் குழவியின் சொந்தக் காவலர் உள்ளே உள்ளனர்.

பெரும்பாலான கிருமிகள் இங்கே தோற்றுவிடும். லிஸ்டீரியா என்பது அரிதாயினும் பொல்லாதது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேரூன்றும் இடத்தில் அணுக்கள் தனித்தனியே நிற்கின்றன. அவ்வழியே அது புகும். அங்கே தாயின் கொல்லணுக்கள் காவல் நிற்கின்றன. உடலின் பிற இடங்களில் இவ்வினத்தவை கிருமி புகுந்த அணுவையே அழித்துவிடும். கருப்பையில் அவ்வாறு செய்தால் நஞ்சுக்கொடியே சிதையுமன்றோ? ஆகவே நுண்குழாய்களை நீட்டி, கிரானுலைசின் என்னும் புரதத்தை அணுவினுள் செலுத்துகின்றன. கிருமி மடிகின்றது, அணு பிழைக்கின்றது. 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதனைக் காட்டிற்று. இத்துணை நுட்பமான போர்முறையை யான் வேறெங்கும் கற்றதில்லை.

இக்காவலும் போதாதபோது அழற்சி மூள்கின்றது. துணைப்படையை அழைக்கும் அதே வேதிப்பொருள்கள் பிராஸ்டகிளாண்டின்களைப் பெருக்கிக் கருப்பையைச் சுருங்கச் செய்யும். காக்க எழுந்த போரே குறைப்பேற்றை வருவித்துவிடும். பிறப்புவழியே மேலேறும் வேறு கிருமிகளாலும் இது நேர்வதுண்டு. உண்மையில் அதுவே மிகுதி.

கனடாவின் கடலோர மாநிலங்களில் 1981-இல் முட்டைக்கோசுப் பச்சடியால் லிஸ்டீரியா பரவிற்று. கண்டறியப்பட்ட 41 நிகழ்வுகளுள் 34 தாய்சேய் தொடர்பானவை. ஆட்டெரு இட்டு விளைந்த கோசு, குளிர்கிடங்கில் வைக்கப்பட்டிருந்தது. இக்கிருமி குளிரிலும் வளரும்! நம் குடியிருப்பில் குளிர்பெட்டியில்லாத வீடு அரிது. அதில் வைத்த பண்டம் கெடாது என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. கருவுற்றவர்கள் பழையதை ஆவி பறக்கச் சூடாக்கியே உண்க. காய்ச்சாத பாலை அறவே விலக்குக.

பிறந்தகம் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, கணவரின் விடுமுறை நாள் வரட்டுமென்று காய்ச்சலை மறைத்து ஒரு மாத்திரையோடு இருந்துவிடும் இளம் பெண்கள் நம்மிடையே உள்ளனர். லிஸ்டீரியா தாயிடத்தில் எளிய காய்ச்சலாக, உடல்வலியாகவே தோன்றும், சிலரிடம் அதுவுமில்லை. அண்டை வீட்டுத் தாய்மார்களே, அத்தகைய பெண்ணை அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவுற்றிருப்பதை அவரிடம் முதலிற் கூறுங்கள். குருதியைச் சோதித்துக் கிருமியை அறியலாம். காலத்தே கொடுத்தால், ஆம்பிசிலின் தாயோடு குழவியையும் காக்க வல்லது.