மருந்தை இறைத்து வெளியேற்றும் உயிரணுக்கள்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புலமை மிக்க சான்றோர்கள் உரையாற்றும் இம்மேடையில், கல்லூரியில் உயிரணுவியல் கற்பிக்கும் எனக்கும் இடமளித்தமைக்கு நன்றி. விழா நாளில் புற்றுநோயைப் பற்றிப் பேசலாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. ஆயினும் இந்நோய் தொடாத உறவு வட்டம் நம்மிடையே மிகக் குறைவு. ஆகவே பேசத் துணிந்தேன்.

என் பெரியம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் கண்டது. ஆறு சுற்று மருந்து ஏற்றினார்கள். கட்டி கரைந்தது, முடி மீண்டும் வளர்ந்தது, பேரன் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பதினான்கு மாதங்களில் நோய் திரும்பியது. இம்முறை மருந்துகள் பலிக்கவில்லை. உறவினர் ஒருவர் பத்தியம் தவறியதே காரணம் என்றார். மற்றொருவர் மனத்திடம் போதவில்லை என்றார். ஒருநாள் என்னை அருகில் அழைத்து, "ஏம்மா, நீ படிச்சவ. அன்னிக்குக் கேட்ட மருந்து இன்னிக்கு ஏன் கேக்கலை? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?" என்று பெரியம்மா கேட்டார். நான் பாடநூற் சொற்கள் நான்கைச் சொன்னேன். அவரும் தலையசைத்தார். புரியவில்லை என்பது இருவருக்குமே தெரியும். சில மாதங்களில் அவர் மறைந்தார். அன்று நான் சொல்லத் தவறிய விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கேட்ட மருந்து கேளாமற்போவது, புற்றுநோய் மருந்துகள் தோன்றிய நாளிலிருந்தே உள்ள துயரம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, அதன் விளைவை 1948ஆம் ஆண்டு வெளியிட்டார். பத்துக் குழந்தைகளிடம் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. அதற்குமுன் அந்நோய்க்கு மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அம்மருந்து பிறந்த ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஆனால் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. நோய் திரும்பி வந்தது.

மருந்தை எதிர்த்து உயிரணு எவ்வாறு பிழைக்கிறது? இவ்வினாவுக்கு ஒரு பெரும் விடை கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கிடைத்தது. விக்டர் லிங் என்னும் உயிரணு ஆய்வாளர், சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து பெறப்பட்டு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களை எடுத்துக்கொண்டார். அவற்றுக்குக் கோல்ச்சிசின் என்னும் நஞ்சைக் கொடுத்தார். கோல்ச்சிசின் நமக்கு அந்நியமன்று. கார்த்திகையில் வேலியோரம் பூக்கும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள நஞ்சு அதுவே. உயிரணு இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நுண்ணிழைகளை அது குலைத்துவிடும்.

பெரும்பாலான உயிரணுக்கள் மடிந்தன. மிகச் சில பிழைத்தன. அவற்றைப் பெருக்கி, நஞ்சின் அளவைச் சற்றே கூட்டினார். மீண்டும் பிழைத்தவற்றைப் பெருக்கினார். இப்படிப் படிப்படியாகச் சென்றபோது, முதலில் இருந்தவற்றைக் கொன்ற அளவைப்போலப் பன்மடங்கு நஞ்சிலும் வாழும் உயிரணுக்கள் கிடைத்தன. அவற்றினுள்ளே கோல்ச்சிசின் மிகக் குறைவாகவே தங்கியிருந்தது. வியப்பு இதோடு முடியவில்லை. அவ்வுயிரணுக்கள் முன்பின் கண்டிராத, அமைப்பில் தொடர்பே இல்லாத வேறு மருந்துகளையும் எதிர்த்து நின்றன.

1976இல் லிங்கும் அவருடன் பணியாற்றிய ருடால்ஃப் ஜூலியானோவும் இதன் காரணத்தைச் சுட்டிக்காட்டினர். எதிர்ப்புத் திறன் பெற்ற உயிரணுக்களின் மேலுறையில் ஒரு பெரிய புரதம் மிகுந்து காணப்பட்டது. மருந்தின் ஊடுருவலோடு தொடர்புடையது என்பதால் அதற்குப் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயரிட்டனர். மேலுறை இறுகி மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது என்றே முதலில் கருதினர். ஆனால் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்தினால் மருந்து உள்ளே மிகுதியாகச் சேர்ந்தது. வெறும் சுவராக இருந்தால் ஆற்றல் எதற்கு? டென்மார்க்கில் கெல்ட் டானோ என்பவர், வேறொரு புற்றணு வகை டானோமைசின் என்ற மருந்தை வெளியே தள்ளுவதை 1973ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். 1986இல் அப்புரதத்தின் மரபணு படித்தறியப்பட்டது. பாக்டீரியங்களில் பொருள்களை வெளியே கடத்தும் புரதங்களின் சாயல் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஐயம் நீங்கியது. அது ஓர் இறைப்புப் பொறி. ஓட்டைப் படகில் ஏறும் நீரை ஓயாமல் இறைத்துக் கொட்டும் படகோட்டியைப் போல, உள்ளே நுழையும் மருந்தை ஆற்றல் செலவிட்டு அது வெளியேற்றுகிறது.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்ட பாக்லிடாக்சல், மண்ணில் வாழும் நுண்ணுயிர் தரும் டாக்சோரூபிசின் ஆகிய அனைத்தையும் அது வெளியேற்றும். இது ஏன் கவலைக்குரியது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மருந்தை எதிர்க்கும் உயிரணு பத்து லட்சத்தில் ஒன்று என்று கொள்வோம். இரண்டாம் மருந்துக்கும் அப்படியே என்றால், இரண்டையும் ஒருங்கே எதிர்ப்பது லட்சம் கோடியில் ஒன்றாகிவிடும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படை இதுவே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைப் பெருமளவு வென்றதும் இம்முறையே. ஆனால் ஒரே பொறி பல மருந்துகளையும் இறைக்குமானால், அம்மருந்துகளைப் பொறுத்தவரை இக்கணக்கு தவறிவிடுகிறது.

அப்பொறியை அடைத்துவிட்டால் என்ன? ஜப்பானில் தக்காஷி சுருவோ என்பவர், இதய நோய்க்குத் தரப்படும் வெராபமில் என்ற மருந்து அவ்வாறு அடைத்து, வின்கிரிஸ்டினை மீண்டும் பலிக்கச் செய்வதை 1981இல் ஆய்வகத்தில் காட்டினார். ஆனால் நோயாளிக்கு அந்த அளவில் கொடுத்தால் இதயம் தாங்காது. பின்வந்த அடைப்பு மருந்துகளும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காரணம், அந்தப் பொறி புற்றணுவுக்கு மட்டும் உரியதன்று. நம் குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களிலும் அது இருந்து, உணவோடு வரும் நஞ்சுகளிலிருந்து நம்மைக் காக்கிறது. அதை நீக்கிய சுண்டெலிகள், மற்ற எலிகள் எளிதில் தாங்கும் ஐவர்மெக்டின் மருந்துக்கே பலியாயின. நம்மைக் காக்கும் காவலையே புற்றணுவும் தனக்குக் கவசமாக்கிக்கொள்கிறது.

புற்றணு தப்புவதற்கு இது ஒன்றே வழியன்று. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; அந்நோயின் போக்கையே அது மாற்றியது. அதே ஆண்டில் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர், சில நோயாளிகளிடம் அம்மருந்து பலிக்காமற்போன காரணத்தைக் கண்டனர். மருந்து சென்று பற்றும் புரதத்தில், 315ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. காரணம் தெரிந்ததால் மாற்று மருந்தைத் தேட முடிந்தது. அந்த மாற்றத்தையும் மீறிச் செயல்படும் பொனாட்டினிப் 2012இல் வந்தது.

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நம்மில் வந்தவாசி, சேத்துப்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். வயலில் களைக்கொல்லி தெளிக்கிறோம். களைகள் கருகுகின்றன, ஆனால் எங்கோ ஓரிரண்டு அந்த மருந்துக்கு அசையாமல் நிற்கின்றன. அதே மருந்தையே தொடர்ந்து தெளித்தால், நாளடைவில் வயல் முழுவதும் அவற்றின் வழித்தோன்றல்களே. மருந்து அவற்றுக்கு எதையும் கற்பிக்கவில்லை. முன்பே இருந்தவற்றைத் தேர்ந்து விட்டுவைத்தது, அவ்வளவே. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும். அத்தனை கோடியில் மருந்துக்கு மடியாத சில, முதற்சுற்று மருந்து ஏறுவதற்கு முன்பே இருந்திருக்கக்கூடும். அவற்றை எந்தப் பத்தியமும் உண்டாக்கவில்லை. எந்த மனத்திடமும் தடுத்திருக்காது. பெரியம்மா எந்தத் தவறும் செய்யவில்லை. இதை அவர் காதில் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் வீட்டில் யாரேனும் இப்படிக் கேட்டால், நீங்களாவது தயங்காமல் சொல்லுங்கள்.

நம் கையில் உள்ளவையும் சில உண்டு. இமாட்டினிப் போன்ற மாத்திரைகளை உடல் தேறிவிட்டதென்று நாமாக நிறுத்துவதும், செலவுக்கு அஞ்சிப் பாதியாகக் குறைப்பதும் நோய்க்கு வழிவிடும். இமாட்டினிப் மாத்திரையை உணவோடும் நிறைந்த நீரோடும் உட்கொள்ள வேண்டும். ஆகவே விரத நாள்களிலும் இரவுணவு தவிர்க்கும் வீடுகளிலும் வேளையை எப்படி அமைப்பது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மருந்தைச் சொல்லாமல் தவிர்க்காதீர்கள். கைமருந்தோ மூலிகையோ உட்கொண்டால் அதையும் மறைக்காதீர்கள்; சில மூலிகைகள் இரத்தத்தில் மருந்தின் அளவையே மாற்றிவிடும். நோய் திரும்பினால், "புதிதாகச் சோதித்து மருந்தை மாற்ற வழியுண்டா?" என்று கேளுங்கள். முன்பு எடுத்த சோதனை முன்பிருந்த உயிரணுக்களைப் பற்றியது. இப்போதிருப்பவை வேறாக இருக்கலாம்.

இங்கு அமர்ந்துள்ள மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். ஏன் மடிந்தன என்று ஆராய்வதோடு நின்றிருந்தால் இவ்வறிவு கிட்டியிராது. ஏன் சில மடியவில்லை என்றும் ஒருவர் கேட்டார். உங்களில் ஒருவர் அக்கேள்வியை மேலும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.