வெற்றிக்குப் பின் பொன்னாடை, வெற்றிக்கு முன்?

(‘விளையாட்டாளரை உருவாக்குவது வெற்றிக்குப் பின் கிடைக்கும் பாராட்டா, வெற்றிக்கு முன் கிடைக்கும் ஆதரவா?’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘முன் கிடைக்கும் ஆதரவே’ என்ற அணியில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் அழகாக ஒன்றைச் சொன்னார். ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி மாலை போட்டால்தான் அடுத்த பிள்ளைக்கும் ஓட வேண்டும் என்ற ஆசை வரும் என்றார். ஆசை வரும். நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசை வந்த அந்தப் பிள்ளை மறுநாள் எங்கே போய் ஓடும்? யார் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள்? ஓடி முடித்து என்ன சாப்பிடும்? இருட்டிய பிறகு எந்த பஸ்ஸில் வீடு திரும்பும்? இந்த நான்கு கேள்விக்கும் மாலையில் பதில் இல்லை அம்மா.

ஈப்போவில் வியர்த்துக் கொட்டும் இந்த நேரத்தில் நான் பனியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. நம் பள்ளிகளில் குறுக்கோட்டம் நடக்கிறது அல்லவா, காடு மேடு சாலை என்று பிள்ளைகள் ஓடுவார்களே, அதற்கு நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் பனியில் ஓர் அண்ணன் இருக்கிறான். நீளமான இரண்டு சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டி, கையில் இரண்டு கோல்களை ஊன்றி, மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கி 10, 20, 50 கிலோமீட்டர் போவார்கள். மலை உச்சியிலிருந்து சர்ரென்று வழுக்கி வரும் விளையாட்டு வேறு. இதில் ஏற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், மறுபடியும் ஏற வேண்டும்.

இவர்களின் உலகக் கிண்ணப் போட்டிகள் வழக்கமாக நவம்பர் கடைசியில் பின்லாந்தில் ரூக்கா என்ற இடத்தில் தொடங்கி, மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். சரி, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அவர்களுக்கு என்ன வேலை? அங்குதான் என் வாதமே இருக்கிறது.

பனியே இல்லாத அந்த மாதங்களில்தான் அவர்களுடைய பெரும்பாலான உழைப்பும் நடக்கிறது. கட்டைக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த குட்டைச் சறுக்குகளைப் போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் போகிறார்கள். பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது, தலைக்கவசம் கட்டாயம். கோல்களை ஊன்றிக்கொண்டு மலைச்சரிவில் தாவித் தாவி ஏறுகிறார்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் பயிற்சி, மதியம் சாப்பாடு, ஒரு தூக்கம், மாலையில் எடைப் பயிற்சியோ ஓட்டமோ மறுபடியும். இலை உதிர்கிறது, பொழுது சீக்கிரம் சாய்கிறது, மழை குளிராக இறங்குகிறது. கைதட்ட ஒருவர் இல்லை. அக்டோபர் கடைசியில் சுவிட்சர்லாந்தின் டாவோசில், போன குளிர்காலத்துப் பனியை மரத்தூள் போட்டு மூடிக் கோடை முழுவதும் காப்பாற்றி வைத்திருந்ததை எடுத்துப் பாதை போடுகிறார்கள். நாம் ஊறுகாய் போட்டு வைப்பதைப் போல அவர்கள் பனியைப் போட்டு வைக்கிறார்கள்! அந்தப் பாதைக்கு ஆள் வந்து குவிகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நார்வேயின் மாரிட் பியோர்கன் என்ற அம்மா, 2002 முதல் 2018 வரை ஐந்து குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கங்கள் வாங்கியவர்; அதில் எட்டு தங்கம். இடையில் பிள்ளை பெற்று, ஒரு பருவம் முழுக்க ஒதுங்கி இருந்து, மறுபடி வந்து, 2018இல் 37 வயதில் 30 கிலோமீட்டரில் தங்கம் வாங்கினார். அவர் தினமும் பயிற்சிக் குறிப்பு எழுதி வைத்த பழக்கத்தால், 17 ஆண்டுக் குறிப்புகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 20 வயதில் ஓர் ஆண்டுக்கு 522 மணி நேரம் பயிற்சி. 35 வயதில் 940 மணி நேரம். அவர் அதிகம் வென்ற ஆண்டுகளில் ஓட்டம், சறுக்கு போன்ற தாங்குதிறன் பயிற்சியில் நூற்றுக்கு 92 பங்குக்கும் மேல் மெதுவான பயிற்சி. ஆமாம், மெதுவானது! பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். சில அணிகளில் விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, ‘நீ வேகமாகப் போகிறாய், குறைத்துக்கொள்’ என்று சொல்வார்கள். நம் திடலில் பிள்ளை மெதுவாக ஓடினால் நாம் என்ன கத்துவோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த 940 மணி நேரமும் யாரோ ஒருவர் அவருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். சம்பளம், பயிற்றுநர், மருத்துவர், தங்குமிடம். வென்ற பிறகு வந்தவை அல்ல இவை, முன்பே இருந்தவை. இரத்தம் பார்க்கும் கருவி நமக்கு வேண்டாம். பிள்ளை ஓடும் அத்தனை மாதங்களிலும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

‘அது பணக்கார நாடு, பனி நாடு’ என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. வெப்ப நாட்டுக்கே வருகிறேன். 1998இல் ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் கென்யாவின் பிலிப் போயிட் 10 கிலோமீட்டர் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். கடைசியாக, 92ஆம் இடத்தில் வந்தார். முதலில் வந்த நார்வேயின் பியோர்ன் டேலி, பரிசளிப்பையும் தள்ளிப் போட்டுக் காத்திருந்து எல்லைக் கோட்டில் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். அந்தத் தழுவல்தான் உலகத்துக்குத் தெரியும். எதிரணியினர் கொண்டாடும் பாராட்டு அதுதான். ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டு? ஓட்டக்காரரான அவர் 1996இல் பின்லாந்துக்குப் போய்த்தான் முதன்முதலாகப் பனியையே பார்த்தார். ஒரு காலணி நிறுவனம் செலவை ஏற்றது. விழுந்து எழுந்து பழகினார். அந்த இரண்டு ஆண்டு இல்லையென்றால் டேலி யாரைத் தழுவியிருப்பார்?

நம் கதைக்கு வருகிறேன். பனிக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது? 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை முதன்முதலில் ஏற்றியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். நம் வீட்டுப் பிள்ளைகள்! பனி விழாத நாட்டிலிருந்து போனவர்கள். உச்சியில் நின்ற நேரம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் தேர்வும் பயிற்சியுமாக ஆண்டுகள். அடுத்த ஆண்டு 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டி. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வாங்கினார். 4 மணி 10 நிமிடம் 5 விநாடி, அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் 25 விநாடிதான் பின்னால். 50 கிலோமீட்டர் நடந்து 25 விநாடியில் வெல்வதென்றால், அந்த 25 விநாடி போட்டி நாளன்று கிடைத்ததா? எத்தனை விடியற்காலையில் நடந்து சேர்த்தது அது!

பேராக் மண்ணையும் விட்டுவிட முடியாது. கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன், 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் அவர். அதே பேங்காக்கில் தாப்பாவைச் சேர்ந்த எம். இராஜமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். இவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் பதக்கத்திலிருந்தே தொடங்குகிறோம்.

இப்போது தோட்டத்துக்குப் போவோம். இங்கே பாதிப் பேர் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். நானும் அப்படித்தான். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் சீவப் போவார். நூற்றுக்கணக்கான மரங்கள், மேடும் பள்ளமுமான நிரைகள், பிறகு காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி. பிள்ளைகள் நாங்கள் செம்மண் சாலையில் பள்ளிக்கு நடப்போம், மாலையில் தோட்டத்துத் திடலில் இருட்டும்வரை ஓடுவோம். நார்வேக்காரர்கள் பணம் கொடுத்து வாங்கும் அந்த மெதுவான, நீண்ட பயிற்சி எங்களுக்கு யாரும் கேட்காமலே கிடைத்தது.

உடனே கைதட்ட வேண்டாம். வறுமைக்கு மாலை போட நான் வரவில்லை. என் அம்மாவின் தோளில் காய்த்துப்போன தடத்தை நான் பார்த்திருக்கிறேன். அது யாருக்கும் வரக்கூடாது. நான் சொல்வது வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கை மாறின, பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் புந்தோங்குக்கும், அடுக்குமாடி வீடுகளுக்கும், வேறு ஊர்களுக்கும் போனார்கள். வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வந்தது, நல்லது. திடல் வரவில்லை. முன்பு வாழ்க்கையே கொடுத்த பயிற்சியை இப்போது பெரியவர்கள் திட்டம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதை நாம் இன்னும் செய்யவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? பள்ளித் தவணை தொடங்குகிறது, சுற்றறிக்கை வருகிறது, குறுக்கோட்டத்துக்கு ஆள் பொறுக்குகிறோம். ஐந்தாறு வாரம் பிள்ளைகளை விரட்டி விரட்டி ஓட வைக்கிறோம். மாவட்டத்தில் ஒருவன் வெல்கிறான். படம் பத்திரிகையில் வருகிறது, பொன்னாடை, கேடயம், விருந்து. மாநிலப் போட்டி முடிந்ததும் காலணியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுவான். அக்டோபர், நவம்பரில் பேராக்கில் மழை கொட்டும், பிற்பகலானால் இடி. பிறகு ஆண்டிறுதி விடுமுறை. அந்த நான்கைந்து மாதத்தில் அவனை ஒருவரும் பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி ஆனா, ஆவன்னா.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பெயர் வேண்டாம். அவன் ஓடினால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், மண்ணில் கால் படுகிறதா என்று சந்தேகம் வரும். படிவம் நான்கில் மாவட்டத்தில் முதலாவது. மாலைப் பயிற்சிக்கு இருந்தால் வீட்டுக்குக் கடைசி பஸ் கிடையாது. அப்பா ஆக்சிடென்டில் படுத்துவிட்டார். மாலையில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பொன்னாடை போர்த்திய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய விருந்துச் செலவில் அவனுக்கு ஓர் ஆண்டு பஸ் காசு கொடுத்திருக்கலாம். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும், புது இலை வரும்வரை பால் குறையும். அந்த நேரத்தில் மரத்தை நெருக்கிச் சீவினால் கெட்டுப்போகும் என்று கங்காணியே சொல்வார். மரத்துக்கு இருந்த அந்தப் பக்குவம் பிள்ளைக்கும் வேண்டும். மழை மாதத்தில் சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. விரட்டாமல், மெதுவாக, தொடர்ந்து ஓட விட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. தூக்கம். முட்டை, பால், கச்சான், பருப்பு. காய்ச்சல் என்றால் வீட்டில் படு என்று சொல்ல ஓர் ஆள்.

இதற்கு ஒலிம்பிக் மன்றம் வர வேண்டியதில்லை, நடுவர் அவர்களே. நம் கோயில்களில் மண்டபம் இருக்கிறது. மழை பெய்தால் அங்கே உடற்பயிற்சி செய்யலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டு விருந்தை ஓர் ஆண்டு எளிமையாக வைத்துக்கொண்டால், இருபது பிள்ளைகளுக்குக் காலணி வாங்கலாம். வேன் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு மாலை பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிடலாம். பயிற்சிக் குறிப்பு எழுத ஒரு வெள்ளி நோட்டுப் புத்தகம் போதும்.

மேடு வேண்டும் என்றால் மெங்லெம்பு பக்கம் கிளேடாங் மலை இருக்கிறது. உச்சிவரை தார்ச்சாலை, காலையில் தாத்தாக்களும் பாட்டிகளும் ஏறுகிறார்கள். நம் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மூங்கில் கோலோடு அதில் ஏறினால், நார்வேக்காரன் செப்டம்பரில் செய்யும் பயிற்சிதான் அது. எங்கள் பகுதியில் நாங்கள் மூன்று பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பேசி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை ஆறரை மணி, மலையடிவாரம். பெயர் கொடுத்த பிள்ளைகள் பதினொரு பேர். வேன் ஒன்றுதான் இருக்கிறது, ஏழு பேர்தான் உட்கார முடியும். இன்னொரு வேன் வைத்திருப்பவர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்...

நடுவர் மணி அடித்துவிட்டார்.